வலிக்காமல் குத்தும் கூம்பு நத்தை: கேள்வி பதில்

கடலில் வாழும் கூம்பு நத்தைகளின் விஷத்தைப் பிரித்து ஆராயும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான், இப்போதும் இவற்றைப் பற்றிப் படிப்பதையும் பேசுவதையும் விடவில்லை. கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலும் கோனஸ் ஜியோகிராபஸ் என்ற இனத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான், மனிதர் இறந்ததாகப் பதிவான சம்பவங்களில் பெரும்பாலானவை அந்த ஒரே இனத்தின் கணக்கில்தான் வருகின்றன. உயிர் காக்கும் விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

கேள்வி: மேடம், கூம்பு நத்தை குத்திவிட்டால் உடனே என்ன செய்வது? விஷமுறிவு ஊசி இருக்கிறதா?

விஷமுறிவு மருந்து கிடையாது. இதை முதலில் மனதில் வையுங்கள், ஏனென்றால் பாம்புக்கடிக்கு இருப்பதால் இதற்கும் எங்காவது ஓர் ஊசி இருக்கும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

தண்ணீரை விட்டு உடனே வெளியே வர வேண்டும். குத்துப்பட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, அகலமான எலாஸ்டிக் பேண்டேஜை முழுக் கைக்கும் அல்லது முழுக் காலுக்கும் இறுக்கமாகச் சுற்றி, அதன் மேல் ஒரு கட்டையை வைத்துக் கட்டி அசையவிடாமல் செய்ய வேண்டும். இறுக்கம் என்றால் ரத்த ஓட்டத்தையே நிறுத்துகிற இறுக்கம் இல்லை, நகம் நீலம் பாய்ந்தால் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒரே இடத்தில் கயிறு போட்டு முறுக்குவது, கத்தியால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டவே வேண்டாம். ஆளை நடக்கவிடாமல் படுக்கவைத்து, வென்டிலேட்டர் இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கொல்வது எது என்று தெரிந்தால் இதெல்லாம் ஏன் என்று புரியும். விஷம் தசைகளை முடக்குகிறது, மூச்சு விடுவதற்கான தசையும் முடங்கும்போது ஆள் இறக்கிறார். இதயமும் மூளையும் அதுவரை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். மூச்சை மட்டும் வெளியிலிருந்து யாராவது பார்த்துக்கொண்டால், உடல் மணிக்கணக்கில் அந்த விஷத்தை மெல்லக் கழித்துவிடும், தசைகள் திரும்ப வேலைக்கு வரும். அதனால் வழியில் மூச்சு நின்றுவிட்டால் செயற்கை சுவாசத்தைத் தொடங்குங்கள், மருத்துவமனை போய்ச் சேரும்வரை நிறுத்தாதீர்கள். கண் திறக்காது, பேச்சு வராது, கூப்பிட்டால் அசைவு இருக்காது. அதை வைத்துப் போய்விட்டார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உள்ளே ஆள் முழு நினைவோடு கேட்டுக்கொண்டே இருக்கக்கூடும்.

கேள்வி: ஒரு சின்னப் புள்ளிதான் இருக்கிறது, வலியே இல்லை என்றால்? அதற்குமா மருத்துவமனை?

அதற்குத்தான் முக்கியமாகப் போக வேண்டும். புழு தின்னும் சில கூம்பு நத்தைகள் குத்தினால் குளவி கொட்டியது மாதிரி சுள்ளென்று வலிக்கும், வீங்கும், பெரும்பாலும் அத்தோடு போய்விடும். ஜியோகிராபஸ் குத்தினால் பல பேருக்கு வலியே தெரிவதில்லை.

1935இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரைக்கு அப்பால் இருக்கும் ஹேமன் தீவில் நடந்த ஒரு மரணம் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. 27 வயது இளைஞர், உயிருள்ள ஜியோகிராபஸை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஓட்டின் மேல் படிந்திருந்த தோலைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் குத்தியது. தெரிந்தது ஒரு சிறு துளை மட்டும், லேசான மரத்துப்போதல், வலி கடைசிவரை இல்லை. 10 நிமிடத்தில் உதடு விறைத்த மாதிரி இருந்தது. 20 நிமிடத்தில் பார்வை மங்கி எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. 30 நிமிடத்தில் கால்கள் செயலிழந்தன. ஒரு மணி நேரத்தில் நினைவு போனது, அதன்பின் அவர் எழவில்லை. நன்றாக உடற்பயிற்சி செய்கிற, ஆரோக்கியமான ஆள்.

இந்த வரிசையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். உதடு மரத்துப்போவது, பார்வை இரட்டையாவது, இமை தொங்குவது, எச்சில் விழுங்க முடியாமல் போவது, நாக்கு குழறுவது. இதில் முதல் அறிகுறி வரும்வரை காத்திருந்து பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வலி இல்லாததால் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும், ஆபத்தே அந்த எண்ணத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: குத்தினால் ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம்தான் உயிர் இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. சாவு வந்த சம்பவங்களில் பெரும்பாலும் ஒரு மணி நேரத்திலிருந்து சில மணி நேரம் வரை ஆகியிருக்கிறது. இந்தக் கதையை யாரும் பரப்பாமல் இருந்தால் எனக்கு நிம்மதி, ஏனென்றால் இனி என்ன செய்தாலும் பயனில்லை என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. நேரம் இருக்கிறது, அந்த நேரத்தை முழுக்கப் பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: ஒரு சின்ன நத்தையின் விஷம் இவ்வளவு பெரிய உடம்பை எப்படி முடக்குகிறது?

நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கிற பாதையை ஒரே சமயத்தில் மூன்று இடத்தில் அடைக்கிறது. நரம்பின் முனையில் கால்சியம் உள்ளே போனால்தான் செய்தி கடத்தும் வேதிப்பொருள் வெளியே வரும், அந்தக் கால்சியம் வாயிலை ஒமேகா வகை நச்சுகள் மூடிவிடுகின்றன. தப்பித்தவறி அந்த வேதிப்பொருள் வெளியே வந்துவிட்டாலும் தசையில் அது போய் ஒட்ட வேண்டிய இடத்தை ஆல்பா வகை நச்சு பிடித்து வைத்திருக்கும். அதையும் தாண்டிச் செய்தி சேர்ந்துவிட்டது என்றால், தசை நெடுக மின்துடிப்பைக் கொண்டுபோகும் சோடியம் வாயிலை மியூ வகை நச்சு அடைத்திருக்கும். ஒன்றைத் தாண்டினால் இன்னொன்று.

இந்த நச்சுகளுக்குக் கோனோடாக்சின் என்று பெயர். எல்லாமே குட்டிக் குட்டிப் புரதத் துண்டுகள். ஜியோகிராபஸின் ஆல்பா கோனோடாக்சின் ஜிஐ என்பதில் மொத்தம் 13 அமினோ அமிலங்கள்தான். சிறியதாக இருந்தாலும் கந்தகப் பிணைப்புகளால் இறுக்கிக் கட்டப்பட்டிருப்பதால் உருக்குலையாமல் நேராகக் குறியில் போய் உட்காரும். விஷமுறிவு மருந்து செய்ய முடியாமல் இருப்பதற்கும் இது ஒரு காரணம். இவ்வளவு சின்ன மூலக்கூறுகளுக்கு எதிராக உடம்பு லேசில் எதிர்ப்புப் பொருள் உண்டாக்காது, அதிலும் ஒரே நத்தையின் விஷத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் கலந்திருக்கும்போது எதற்கென்று மருந்து தயாரிப்பது?

கேள்வி: அகலமான பக்கத்தில் பிடித்தால் குத்தாது என்று படித்தேன். அக்கா, ஒரு போட்டோவுக்காகக் கையில் எடுக்கலாமா?

எடுக்காதீர்கள் தம்பி. இதைவிட ஆபத்தான ஓர் அறிவுரையை நான் கேட்டதில்லை. அதன் வாய்க்குழாய் நினைக்க முடியாத அளவுக்கு நீளும், ஓட்டைச் சுற்றி வளைந்து நீங்கள் எங்கே பிடித்திருந்தாலும் வந்து தொடும். கையுறை போட்டிருக்கிறேன், நீச்சல் உடை போட்டிருக்கிறேன் என்பதெல்லாம் காப்பாற்றாது, அது குத்தப் பயன்படுத்தும் ஈட்டி போன்ற பல் துணியைத் துளைத்துவிடும். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டவர்கள் துணி வழியாகக் குத்துப்பட்டிருக்கிறார்கள். காலி ஓடு மாதிரி தெரிகிறதே என்று எடுப்பதும் வேண்டாம், உள்ளே நன்றாகச் சுருங்கிக்கொண்டால் உயிர் இருப்பதே தெரியாது. போட்டோவைத் தள்ளி நின்று எடுங்கள், அது எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

கேள்வி: ஜியோகிராபஸை எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

படங்களில் பார்க்கிற ஓடு சுத்தம் செய்து மெருகேற்றியது. வெளிர் நிறத்தில் செம்பழுப்புத் திட்டுகளும் வலைக்கோடுகளும் வரைபடம் மாதிரி பரவியிருக்கும், இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் இதற்குப் பெயர் வைத்ததும் அதைப் பார்த்துத்தான். உயிரோடு இருக்கும்போது அந்த அழகு பெரும்பாலும் தெரியாது, பழுப்பான மெல்லிய தோல் ஒன்று மேலே மூடியிருக்கும். ஹேமன் தீவில் அந்த இளைஞர் சுரண்டியது அதைத்தான்.

நான் பார்ப்பது வடிவத்தை. மற்ற கூம்பு நத்தைகளில் பெரும்பாலானவற்றின் ஓடு தடித்துக் கனமாக, வாய் ஒரு குறுகிய பிளவாக இருக்கும். ஜியோகிராபஸின் ஓடு அதன் அளவுக்கு லேசானது, மெலிந்தது, வாய் கீழே போகப்போக நன்றாக அகலும். முழு மீன்களை விழுங்கி உள்ளே வைக்க அந்த அகலம் தேவை. வளர்ந்தது 10 செ.மீ.க்கு மேல் இருக்கும், 15 செ.மீ. வரை போவதும் உண்டு. செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து இந்தியப் பெருங்கடல் வழியாகப் பசிபிக் தீவுகள் வரை பவளத்திட்டுகளிலும் மணல் திட்டுகளிலும் வாழ்கிறது. பகலில் மணலுக்குள்ளோ பவளப் பாறைக்கு அடியிலோ கிடக்கும், இரவில்தான் வெளியே வரும்.

ஆனாலும் அடையாளம் தெரிந்துகொண்டு மற்றதைத் தொடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். எல்லாக் கூம்பு நத்தைக்கும் விஷம் உண்டு.

கேள்வி: இவ்வளவு மெதுவாக ஊர்கிற பிராணி மீனை எப்படிப் பிடிக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் நான் உட்கார்ந்ததே.

விளக்கை அணைத்த தொட்டியில் மணலுக்கு வெளியே முதலில் எட்டிப்பார்ப்பது அதன் நீர்க்குழாய். சின்ன விரல் மாதிரி நீட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திருப்பி, தண்ணீரை உள்ளே இழுத்து மீனின் வாடையைத் தேடும். கண் இருக்கிறது, ஆனால் வேட்டைக்கு அதற்கு மூக்குதான் துணை. வாடை கிடைத்த திசையில் ஓடு மெதுவாகத் திரும்பும். அப்புறம் நடப்பதைப் பார்க்கும்போது முதல் தடவை யாரும் நம்பமாட்டார்கள். வாயின் முன்பகுதி விரிய ஆரம்பிக்கும், விரிந்துகொண்டே போய், கிட்டத்தட்ட ஓட்டின் அகலத்தையும் தாண்டி ஒளி ஊடுருவுகிற மெல்லிய வலை மாதிரி ஆகிவிடும். பவளத்தின் இடுக்கில் இரவு ஒதுங்கியிருக்கும் சின்ன மீன்களை நோக்கி அந்த வலை முன்னேறும். மீன்கள் விலகுவதில்லை. வால் அடிப்பது குறைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, எதுவும் நடக்காததுபோல அப்படியே நிற்கும். வலை அவற்றை மூடிக்கொள்ளும், சில நேரம் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை. எல்லாம் உள்ளே போன பிறகுதான் ஒவ்வொன்றாகக் குத்துகிறது. சில மணி நேரம் கழித்து முள், செதில், பயன்படுத்திய பல் எல்லாவற்றையும் சேர்த்துத் துப்பிவிடும்.

எல்லா மீன்தின்னிக் கூம்பு நத்தைகளும் இப்படிச் செய்வதில்லை. கோனஸ் பர்புராசென்ஸ் போன்றவை குழாயை நீட்டி ஒரே குத்து, மீன் அந்த நொடியே விறைத்துவிடும், பல்லைக் கயிறாகப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். வலை போடுவது ஜியோகிராபஸும் அதன் நெருங்கிய சொந்தமான கோனஸ் டுலிப்பாவும்தான் செய்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கேள்வி: அந்த மீன்கள் ஏன் தப்பிக்கப் பார்ப்பதில்லை?

2015இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஹெலினா சஃபாவி ஹெமாமியும் பால்டொமெரோ ஒலிவேராவும் அவர்கள் குழுவும் இதற்கு வியப்பான ஒரு விடை கண்டார்கள். ஜியோகிராபஸின் விஷத்தில் இன்சுலின் இருக்கிறது. நத்தை தன் சொந்த உடம்புக்காக வைத்திருக்கும் இன்சுலின் வேறு, இது மீனின் இன்சுலினைப் போலவே அமைந்த தனிச் சரக்கு, விஷக்குழாயில் ஏராளமாகத் தயாராகிறது. தண்ணீரில் கலந்தால் செவுள் வழியாக மீனுக்குள் போய் ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென இறக்கிவிடும். சர்க்கரை இறங்கிப்போன மீனால் நீந்த முடியாது, தப்பிக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதும் இல்லை.

அது மட்டும் போதாது என்பதுபோல 2024இல் இன்னொன்றும் வெளிவந்தது. சர்க்கரை குறைந்தால் உடம்பு குளுகான் என்ற ஹார்மோனை விட்டு அதை மீண்டும் ஏற்றப் பார்க்கும் அல்லவா? ஜியோகிராபஸின் விஷத்தில் சொமட்டோஸ்டாடின் என்ற ஹார்மோனைப் போல நடிக்கும் ஒரு நச்சும் இருக்கிறது, அது குளுகானை வெளியே வரவிடாமல் தடுக்கிறது. ஒன்று சர்க்கரையை இறக்க, மற்றொன்று அது ஏறும் வழியை அடைக்கிறது.

இதோடு கோனன்டோகின் ஜி என்ற 17 அமினோ அமில நச்சு ஒன்றும் உண்டு, அதைக் குட்டி எலிகளின் மூளையில் செலுத்தினால் தூங்கிப்போய்விடும். பிடிபடுகிற மீனுக்குப் பதற்றமே வராத அளவுக்குப் பல பக்கத்திலிருந்தும் அமைதிப்படுத்தும் சரக்குகள் இந்த விஷத்தில் சேர்ந்திருக்கின்றன. மனிதருக்குக் குத்தும்போது வலி இல்லாமல் போவதை நான் இதோடு சேர்த்துத்தான் யோசிப்பேன்.

கேள்வி: நீரிழிவு நோயாளிகளுக்கு இந்த இன்சுலின் பயன்படுமா? என் அப்பாவுக்கு இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

நத்தையின் இன்சுலினை நேராக யாருக்கும் போடுவதில்லை, மருந்துக்கடையில் கிடைக்கும் நிலையும் வரவில்லை, அதனால் அப்பாவின் மருந்தை அப்படியே தொடருங்கள். ஆனால் அதிலிருந்து கற்றுக்கொண்டது பெரிய விஷயம். மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், அவை ஆறு ஆறாக ஒட்டிக்கொண்டு கூட்டாக இருக்கும், ஊசி போட்ட பிறகு பிரிந்து தனித்தனியானால்தான் வேலை செய்யும், அதனால்தான் தாமதம். அப்படி ஒட்டிக்கொள்ள உதவும் வால்பகுதி நத்தை இன்சுலினில் இல்லை, மொத்தமே 43தான், ஒட்டாமல் தனியாகவே இருக்கிறது. அந்த வால் இல்லாவிட்டால் மனித இன்சுலின், செல்லின் மேல் அது போய் ஒட்ட வேண்டிய ஏற்பியோடு சரியாகச் சேராது, நத்தையோ வேறு சில இடங்களை மாற்றி அந்தக் குறையைச் சரிக்கட்டியிருக்கிறது. இந்த உத்தியை மனித இன்சுலினில் புகுத்தி, சிறியதும் ஒட்டாததுமான ஒரு வடிவத்தை 2020இல் செய்து காட்டினார்கள். விரைவாக வேலை செய்யும் இன்சுலினுக்கு அது ஒரு வழி.

கேள்வி: ஈட்டி என்கிறார்களே, அது எலும்பா?

பல்தான். மற்ற நத்தைகள் பாசியைச் சுரண்டித் தின்ன ராடுலா என்ற அரம் போன்ற உறுப்பை வைத்திருக்கின்றன, கூம்பு நத்தையில் அதன் ஒவ்வொரு பல்லும் தனித்தனி ஈட்டியாக மாறிவிட்டது. கைட்டின் என்ற பொருளால் ஆனது. நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தால் பாயைச் சுருட்டி வைத்ததுபோல ஒரு தகடு சுருண்டு உள்ளே வெற்றுக் குழல் ஆகியிருப்பது நன்றாகத் தெரியும், நுனியில் பின்பக்கம் திரும்பிய முட்கள், அதன் பக்கத்தில் விஷம் வெளியேறும் துளை. கண்ணாடி மாதிரி பளபளக்கும்.

ஒரு பல் ஒரு குத்துக்குத்தான். அடுத்ததை ஒரு பையிலிருந்து எடுத்து வாய்க்குழாயின் நுனிக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும். அந்தப் பையில் பாதி வளர்ந்ததும் முழுக்க வளர்ந்ததுமாகப் பல பற்கள் எப்போதும் தயாராக இருக்கும். விஷம் ஊறுவது ஓட்டைவிடப் பல மடங்கு நீளமான, சுருண்டு கிடக்கும் ஒரு குழாயில். அதன் கோடியில் உள்ள தசைக்குமிழ் அழுத்தித் தள்ளும் பம்பு, விஷப்பை என்று சிலர் எழுதுவது சரியில்லை. கோனஸ் கேட்டஸ் என்ற இனத்தில் பல் பாயும் வேகத்தை அளந்திருக்கிறார்கள், ஒரு மில்லி நொடிகூட ஆகவில்லை.

கேள்வி: சின்ன மீனைத் தின்ன மனிதனைக் கொல்லும் விஷம் எதற்கு?

நல்ல கேள்வி, நீண்ட காலம் இதற்கு விடை இல்லாமல்தான் இருந்தது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு ஜியோகிராபஸிடம் இரண்டு விஷம் இருப்பதைக் காட்டியது. வேட்டைக்கு ஒன்று, தற்காப்புக்கு ஒன்று. ஒரே விஷக்குழாயின் இரண்டு வெவ்வேறு பகுதிகளில் இவை ஊறுகின்றன, மீன் வந்தால் ஒரு சரக்கு, யாராவது தொந்தரவு செய்தால் மற்றொன்று. நான் மேலே சொன்ன முடக்கும் நச்சுகள் தற்காப்பு விஷத்தில்தான் கொட்டிக்கிடக்கின்றன.

அதாவது ஜியோகிராபஸுக்கு மனிதர் இரையுமில்லை, எதிரியுமில்லை. ஓட்டை உடைத்துத் தின்ன வரும் பெரிய பிராணிகளை நிறுத்துவதற்கு உருவான ஆயுதம் அது. கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கிற, கத்தியால் சுரண்டுகிற மனிதர் அதற்கு அப்படி ஒரு பிராணியாகத்தான் தெரிவார். மணலில் கிடப்பதை அப்படியே விட்டுவிட்டால் ஒருவரைக்கூடத் தேடிவந்து குத்தாது.

கேள்வி: இதே விஷத்தில் வலி நிவாரணி செய்திருக்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை, ஆனால் ஜியோகிராபஸிலிருந்து இல்லை, கோனஸ் மேகஸ் என்ற இன்னொரு மீன்தின்னியிலிருந்து. கதை கொஞ்சம் நீளம்.

ஒலிவேரா பிலிப்பைன்ஸ்காரர். அமெரிக்காவில் டிஎன்ஏ பற்றி ஆராய்ந்துவிட்டு ஊர் திரும்பியபோது அந்த வேலையைத் தொடரத் தேவையான கருவிகள் அங்கே இல்லை. சுற்றிலும் கடல், அதில் கூம்பு நத்தைகள் ஏராளம், ஆளைக் கொல்லும் விஷம் என்பதும் தெரியும். லூர்து குரூஸ் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து ஜியோகிராபஸின் விஷத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். பிறகு யூட்டாவுக்குப் போனதும் அங்கே படித்துக்கொண்டிருந்த கிரெய்க் கிளார்க் என்ற மாணவர் ஒரு யோசனை சொன்னார். விஷத்தின் ஒவ்வொரு கூறையும் எலியின் வயிற்றில் செலுத்திப் பார்ப்பதற்குப் பதிலாக நேராக மூளையில் செலுத்திப் பார்க்கலாமே என்று. அப்படிச் செய்ததும் ஒரு கூறு எலியைத் தூங்கவைத்தது, இன்னொன்று நடுங்கவைத்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விளைவு. ஒரே விஷம் என்று நினைத்திருந்தது தனித்தனி வேலை பார்க்கும் ஒரு பெரும் கூட்டம் என்று அப்போதுதான் புலப்பட்டது.

எலியை அப்படி நடுங்கவைக்கும் நச்சு ஒன்றை மைக்கேல் மெக்கின்டாஷ் என்பவர் அங்கே மாணவராக இருந்தபோதே கோனஸ் மேகஸில் பிரித்தெடுத்தார். 25 அமினோ அமிலங்கள், மூன்று கந்தகப் பிணைப்பு. தண்டுவடத்துக்கு வலிச் செய்தி கொண்டுவரும் நரம்பின் முனையில் N வகை எனப்படும் கால்சியம் வாயிலை அது மூடுகிறது. அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்ததுதான் சிகோனோடைடு, வணிகப் பெயர் ப்ரியால்ட், 2004 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மார்ஃபினுக்குப் பழகிப்போவதுபோல இதற்கு உடம்பு பழகுவதில்லை, அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை, அடிமையாக்குவதும் இல்லை. ஆனால் மாத்திரையாகவோ சாதாரண ஊசியாகவோ போட முடியாது. ஒரு பம்பு பொருத்தி, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தலைசுற்றல், குழப்பம், இல்லாதது தெரிவது போன்ற பக்க விளைவுகளும் உண்டு. அதனால் புற்றுநோய் போன்றவற்றில் வேறு எதற்கும் அடங்காத கடும் வலிக்கு மட்டும் கொடுக்கிறார்கள். அந்த வலியில் இருக்கும் ஒருவருக்கு ஓர் இரவு நன்றாகத் தூக்கம் கிடைப்பது எவ்வளவு பெரிது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: எல்லாக் கூம்பு நத்தையும் மீன்தான் தின்னுமா?

இல்லை. 800க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை கடற்புழு தின்பவை. சில மற்ற நத்தைகளைத் தின்னும், கோனஸ் டெக்ஸ்டைல் அப்படிப்பட்டது, அதைவிட்டும் தள்ளியே இருங்கள். புழு தின்பவற்றில் கோனஸ் இம்பீரியாலிஸ் பற்றி 2021இல் வந்த ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். புழுக்கள் இணைசேரும் காலத்தில் பெண் புழு விடும் வாசனைப் பொருளைப் போலவே இரண்டு சின்ன மூலக்கூறுகள் அதன் விஷத்தில் இருக்கின்றன. அவற்றைச் செலுத்திப் பார்த்தபோது புழுக்கள் இணைசேரப் போவதுபோல நடந்துகொண்டன. வளையை விட்டு வெளியே வரவழைக்க நத்தை இதைப் பயன்படுத்தலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

கேள்வி: நான் பள்ளி மாணவி. குட்டி நத்தைக்கும் பிறந்தவுடனே விஷம் இருக்குமா அக்கா?

பாறைக்கும் பவளத்துக்கும் அடியில் தாய் நத்தை சின்னச் சின்ன உறைகளாக முட்டைகளை ஒட்டிவைக்கும். பொரித்து வருவது நத்தை மாதிரியே இருக்காதும்மா, தண்ணீரில் மிதந்து திரியும் இளம்புழு, அது தின்பது நுண்ணுயிர்ப் பாசிகளை. அப்புறம் அடியில் இறங்கி நத்தையாக உருமாறும்போதுதான் விஷக்கருவி வேலை செய்ய ஆரம்பிக்கும். கோனஸ் மேகஸ் குட்டியாக இருக்கும்போது மீனைத் தொடுவதில்லை, சின்னப் புழுவைத்தான் குத்தித் தின்னும், அந்த வயதில் அதன் பல்லும் வேறு வடிவம், விஷமும் வேறு கலவை. வளர்ந்து மீனுக்கு மாறும்போது இரண்டையும் மாற்றிக்கொள்கிறது. ஓடு வளரும்போது உள்சுவர்களைக் கரைத்து மெலிதாக்கி உள்ளே இடம் உண்டாக்கிக்கொள்வதையும் முடிந்தால் படித்துப் பார்.

கேள்வி: வீட்டு மீன்தொட்டியில் வளர்க்கலாமா?

கூடாது.

கேள்வி: ஓடு சேகரிப்பவர்களால் இவை அழிந்துகொண்டிருக்கின்றனவா?

ஜியோகிராபஸுக்கு இப்போதைக்கு அந்த ஆபத்து இல்லை, பரந்த கடலில் பரவியிருக்கிறது. சிக்கல் சின்ன இடத்தில் மட்டும் வாழும் இனங்களுக்குத்தான். 632 இனங்களை மதிப்பிட்டதில் 67 இனங்கள் அழியும் ஆபத்திலோ அதை நெருங்கிய நிலையிலோ இருப்பதாக 2013இல் வெளியிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் உள்ள கேப் வெர்டே தீவுகளில் ஒரே ஒரு விரிகுடாவில் மட்டும் வாழும் இனங்கள்கூட இருக்கின்றன. அங்கே ஒரு துறைமுகமோ சொகுசு விடுதியோ வந்தால் அந்த இனமே போய்விடும், அதன் விஷத்தில் என்ன இருந்தது என்று யாரும் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். அரிய ஓட்டுக்கு ஆசைப்படுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான், உயிரோடு பிடித்த நத்தையின் ஓட்டை வாங்காதீர்கள்.

கேள்வி: அப்படியென்றால் மருந்துக்காக நத்தைகளைக் கொல்வது மட்டும் சரியா?

ஆரம்ப காலத்தில் விஷக்குழாயை அறுத்தெடுத்துத்தான் ஆராய்ந்தார்கள், அதற்கு நிறைய நத்தைகள் போயின. பிறகு கறக்கும் முறை வந்தது. ஒரு சின்னச் சோதனைக் குழாயின் வாயை மெல்லிய ரப்பர் சவ்வால் மூடி, அதன் மேல் மீனின் வாலைத் தேய்ப்போம். குழாயை நத்தைக்கு முன்னால் நீட்டினால் வாடையைப் பிடித்து வாய்க்குழாய் மெதுவாக வந்து சவ்வைத் தொட்டுப் பார்க்கும், அடுத்த கணம் பல் சவ்வைத் துளைத்து உள்ளே இருக்கும், விஷம் குழாயின் அடியில். சில மைக்ரோலிட்டர்தான் கிடைக்கும், ஆனால் அதே நத்தையிடம் சில நாள் கழித்து மீண்டும் எடுக்கலாம். ஏமாற்றியதற்கு ஈடாக உடனே ஒரு மீனைக் கொடுத்துவிடுவது வழக்கம், கொடுக்காவிட்டால் அடுத்த முறை அது குழாயைச் சட்டை செய்யாது. கோனஸ் ஸ்ட்ரையேட்டஸ் போன்ற ஈட்டிக்காரர்களிடம் இது எளிது, வலை போடும் ஜியோகிராபஸிடம் பொறுமை வேண்டும்.

இப்போது அதுகூடப் பல நேரம் தேவைப்படுவதில்லை, ஒரே நத்தையின் விஷக்குழாயிலிருந்து மரபணுச் செய்திகளைப் படித்தாலே அது தயாரிக்கும் நச்சுகளின் பட்டியல் கிடைத்துவிடுகிறது, வேண்டியதை வேதியியல் முறையில் செய்துகொள்ளலாம். சிகோனோடைடு முழுக்க அப்படித்தான் தயாராகிறது, அதற்காக ஒரு நத்தையைக்கூடக் கடலிலிருந்து எடுப்பதில்லை.